தாழ்த்திய கார் குலுங்காமல் ஓட: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் ஹேட்ச்பேக் காருக்கு 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டேன். ஷாக் அப்சார்பர் காரோடு வந்ததே. பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் சின்னப் பள்ளத்தில்கூட ‘டமால்’ என்று அடிக்கிறது. பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்பிரிங் ரொம்பக் கடினமோ? மிருதுவான ஸ்பிரிங்காக மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அதே உயரத்தில் இன்னும் மிருதுவான ஸ்பிரிங் போட்டால் அடி கூடத்தான் செய்யும். உங்களுக்குக் கேட்கிற ‘டமால்’ ஸ்பிரிங்கின் கடினம் அல்ல. ஷாக்கின் தண்டில் மாட்டியிருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற மெத்தைத் தடுப்பில் ஷாக் போய் முட்டுகிற சத்தம் அது.

கணக்கு எளிது. பழைய உயரத்தில் ஷாக் அமுங்குவதற்கு 70 மி.மீ. இடம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 மி.மீ. தாழ்த்தியதிலேயே போய்விட்டது, மிச்சம் 30. பின்னால் இரண்டு பேர், ஆளுக்கு 70 கிலோ என்றால் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் ஏறத்தாழ 70 கிலோ கூடுகிறது. சக்கரத்தில் உணரப்படும் கடினம் மி.மீ.க்கு 3 கிலோ என்றால் கார் இன்னும் 23 மி.மீ. இறங்கும். கடைசியில் பள்ளத்தை வாங்கிக்கொள்ள மிஞ்சுவது 7 மி.மீ. அதற்குமேல் வரும் அடியைப் பம்ப் ஸ்டாப்தான் வாங்குகிறது. தாழ்த்திய காரில் சுகம் என்பது இந்த மிச்ச இடத்தைப் பொறுத்ததே. ஷாக் திருகின் கிளிக் எண்ணிக்கை, பிராண்ட், ஸ்பிரிங் எண் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். ஒரு மெல்லிய நைலான் கேபிள் டை போதும். காரை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளுங்கள். பம்ப் ஸ்டாப் தன் இருப்பிடத்தில், உச்சியில், இருக்கட்டும். பளபளப்பான தண்டில் கேபிள் டையைச் சுற்றி, நகர்த்தினால் நகரும் அளவுக்கு இறுக்கி, ஷாக் உடலின் தலையைத் தொடும்வரை கீழே தள்ளிவிடுங்கள். தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடிக்கவே கூடாது. ஒரு சின்னக் கீறல் போதும், எண்ணெய் சீல் கிழிந்துவிடும். காரை இறக்கி, சிறிது தூரம் முன்னும் பின்னும் உருட்டி, ஷாக் தலைக்கும் பம்ப் ஸ்டாப் நுனிக்கும் இடையே எத்தனை மி.மீ. வெற்றுத் தண்டு தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் மிச்ச இடம். பிறகு வழக்கமான பாதையில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். முதலில் தனியாக, அடுத்து ஆட்களோடு. கேபிள் டை எவ்வளவு மேலே ஏறியிருக்கிறதோ அவ்வளவு தூரம் ஷாக் அமுங்கியிருக்கிறது. பம்ப் ஸ்டாப்பின் நுனியைத் தாண்டி அதை உள்ளே அழுத்தியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. தலைகீழாக மாட்டும் வகை ஷாக்குகளில் தண்டு வெளியே தெரியாது. அவற்றில் இந்த முறை செல்லாது.

முட்டுகிறது என்று தெரிந்துவிட்டால் மூன்று வழிகள் உண்டு. 10 - 15 மி.மீ. உயர்த்துவது முதல் வழி, செலவு குறைந்ததும் நல்லதும் அதுவே. இரண்டாவது, உடல் நீளம் குறைந்த ஷாக் போடுவது. 30 மி.மீ.க்கு மேல் தாழ்த்திய காருக்கு இது ஏறக்குறைய கட்டாயம். பழைய ஷாக் கடினமான ஸ்பிரிங்கை அடக்கவும் திணறும்: ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால், அதை அதே அளவு அடக்க ஷாக்கின் தடை ஏறத்தாழ 14 சதவீதம் கூட வேண்டும். மூன்றாவது, பம்ப் ஸ்டாப்பைக் குட்டையாக்குவது. ஸ்பிரிங்கோடு வந்த தாளில் எத்தனை வளையம் வெட்டலாம் என்று போட்டிருந்தால் அதன்படி மட்டும் வெட்டுங்கள். பொதுவாகக் கூம்பு நுனியை விட்டுவிட்டு அகன்ற பக்கத்தில் வெட்டுவார்கள். கூம்பு நுனிதான் மெதுவாக அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் பகுதி.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஸ்ட்ரட்டை (சக்கரத்தைப் பிடித்து நிற்கும் ஷாக் தூணை) மட்டும் பழையபடி மாட்டி, டயரையும் போட்டு, சக்கரத்தை ஜாக்கியால் மெதுவாக மேலே தூக்குங்கள். டயர் ஃபெண்டரின் உள்பக்கத்தில் எங்கே உரசுகிறது, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்துக்கு முன்பே பம்ப் ஸ்டாப் தடுத்தாக வேண்டும். பம்ப் ஸ்டாப்பை முழுக்கக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அப்போது ஷாக்கின் உள் வால்வும் பிஸ்டனும்தான் இடிதாங்கி ஆகின்றன. ஷாக் சீக்கிரமே போய்விடும்.

கேள்வி: காயில்ஓவர் செட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து, உயரத்தை மாற்றக்கூடியது) வாங்கி மாட்டினேன். ஷாக்கின் கடினத்தை மாற்றும் திருகில் 32 கிளிக். சுகமாக இருக்கட்டும் என்று நான்கையும் முழு மிருதுவில் வைத்தேன். நெடுஞ்சாலையில் படகுபோல ஆடுகிறது. நகரத்துக்குள் சாலை இணைப்புகளில் மட்டும் சுருக்கென்று குத்துகிறது. எத்தனையாவது கிளிக் சரி?

பதில்: எண்ணை மட்டும் சொன்னால் உங்களுக்குப் பயன்படாது. ஒரே எண் இரண்டு காரில் இரண்டு விதமாக நடக்கும். ஆனால் உங்கள் இரண்டு புகாரும் இரண்டு வேறு இடங்களைக் காட்டுகின்றன.

ஆட்டம் என்பது ஷாக் விரிந்து திரும்பும் வேகத்தைத் தடுக்காததால் வருவது. அழுந்திய ஸ்பிரிங் தன் பலத்தைத் திருப்பித் தரும்போது ரீபவுண்ட் தடை போதவில்லை. கார் ஒரு மேட்டைத் தாண்டி இரண்டு மூன்று முறை மிதக்கிறது. முழு மிருது என்பது சுகம் அல்ல என்பதற்கு உங்கள் காரே சாட்சி. வயிற்றைப் புரட்டுவது இந்த மிதப்புதான்.

சுருக்கென்ற குத்தல் வேறு. பெரும்பாலான ஒற்றைத் திருகு ஷாக்குகளில் அந்தத் திருகு ஒரு ஊசியை நகர்த்தி, எண்ணெய் கசியும் சிறு வழியைத் திறந்து மூடுகிறது. பிஸ்டன் மெதுவாக நகரும்போது, வினாடிக்கு ஏறத்தாழ 0.1 மீட்டருக்குக் கீழே, அந்த வழிதான் ராஜா. கூர்மையான விளிம்பில் டயர் ஏறும்போது பிஸ்டன் அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் போகிறது. அந்த நேரத்தில் ஊசிக்கு வேலை இல்லை; பிஸ்டனில் அடுக்கியிருக்கும் மெல்லிய தகடுகள் எவ்வளவு வளைகின்றன என்பதே தீர்மானிக்கும். அதனால்தான் முழு மிருதுவில் வைத்தும் குத்தல் போகவில்லை. கார் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதோடு இந்தப் பிஸ்டன் வேகத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெதுவாகப் போகும் கார்கூட மேன்ஹோல் மூடியில் ஏறினால் பிஸ்டன் பாய்ந்துதான் போகும்.

திருகும் முறையைச் சொல்கிறேன். முதலில் டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் சரிபார்த்துவிடுங்கள். திருகைக் கடிகார திசையில் மெதுவாக முடிவுவரை கொண்டுபோங்கள். அநேகமாக எல்லா செட்டிலும் அதுதான் முழுக் கடினம். அங்கே வலுக்கட்டாயமாக இறுக்கினால் ஊசியின் முனை சிதையும். அங்கிருந்து எதிர்த்திசையில் எண்ணிக்கொண்டு 16 கிளிக் வாருங்கள். நான்கும் நடுவில். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி ஷாக் எண்ணெய் சூடேறட்டும். பிறகு மேடு பள்ளம், வளைவு, நெடுஞ்சாலை மூன்றும் கலந்த ஒரே பாதையில், ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு அச்சை மட்டும், இடமும் வலமும் சமமாக, 4 கிளிக் மாற்றுங்கள். ஒரு கிளிக் மாற்றினால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றையும் எழுதிவையுங்கள்.

மேட்டைத் தாண்டியதும் கார் ஒரே அசைவில் அடங்கவில்லை என்றால் 4 கிளிக் இறுக்குங்கள். தொடர்ச்சியாகச் சின்னச் சின்னக் குழிகள் வரும்போது போகப்போகக் கார் கீழே குந்திக்கொண்டு கடினமாகிறது என்றால் ரீபவுண்ட் அதிகம். ஒரு குழியில் அமுங்கிய ஷாக் விரிந்து முடிப்பதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது. இருக்கிற மிச்ச இடமும் தீர்ந்து பம்ப் ஸ்டாப்பில் போய் உட்காருகிறது. 4 கிளிக் தளர்த்துங்கள். இதைப் பலரும் ‘ஸ்பிரிங் கடினம்’ என்று தவறாகப் படித்துவிடுகிறார்கள். இரண்டு அடையாளங்களுக்கும் நடுவில் ஓர் இடம் கிடைக்கும், அதுவே உங்கள் எண். அங்கே வைத்த பிறகும் கூர்மையான குத்தல் மிஞ்சினால் டயர், டாப் மவுண்ட் (ஷாக்கின் தலையைக் காரின் உடலோடு இணைக்கும் பகுதி), புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை) மூன்றையும் பாருங்கள். அவையும் சரி என்றால் ஷாக்கைத் திறந்து தகடு அடுக்கை மாற்றித்தரும் பட்டறையில் கொடுப்பதே தீர்வு.

கேள்வி: முன்னால் 6 கிலோ, பின்னால் 6 கிலோ ஸ்பிரிங் என்று விற்கிறார்கள். தினமும் அலுவலகம் போய்வர இது அதிகமா?

பதில்: ‘6 கிலோ’ என்றால் ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அழுத்த 6 கிலோ சுமை வேண்டும் என்று பொருள். ஆனால் சக்கரம் அதை அப்படியே உணர்வதில்லை. முன் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் சக்கரத்தோடு கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று நகர்கிறது. பின்னால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் (ஆர்ம்) நடுவில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் கார்களில் சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 7 மி.மீ.தான் அமுங்கலாம். அந்த 0.7-ஐ இரண்டு முறை பெருக்க வேண்டும்: 6 × 0.7 × 0.7 = 2.94. ஒரே எண் எழுதிய ஸ்பிரிங், பின்னால் பாதிக் கடினம்கூட இல்லை.

இனி உங்கள் காருக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சக்கரத்தின் மேல் இருக்கும் எடையிலிருந்து டயர், ரிம், ஹப், பிரேக் எடையைக் கழியுங்கள். மிஞ்சுவதைச் சக்கரத்தில் உணரும் கடினத்தால் வகுத்தால் மி.மீ. கணக்கு வரும். 15.8-ஐ அந்த மி.மீ. எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், கார் உடல் ஒரு வினாடிக்கு எத்தனை முறை ஆட விரும்புகிறது என்று தெரியும். முன்னால் ஒரு பக்கம் 350 கிலோ, ஸ்பிரிங் 6 என்றால் 58 மி.மீ.; விடை 2.07 ஹெர்ட்ஸ். சாதாரணக் குடும்பக் கார்கள் 1 முதல் 1.5 வரை இருக்கும். 1.7 வரை தினசரி ஓட்டலாம், 2-ஐத் தாண்டினால் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் முதுகில் தெரியும். அதே முன்பக்கத்துக்கு 4 கிலோ ஸ்பிரிங் போட்டால் 1.69 ஆகிறது. நான் அதைத்தான் வாங்குவேன்.

பின்பக்கம் 250 கிலோ, 2.94 என்றால் 85 மி.மீ., 1.71 ஹெர்ட்ஸ். முன்னைவிடப் பின் 10 - 20 சதவீதம் கூட இருந்தால் நல்லது. 1930-களில் அமெரிக்காவில் மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் ஆய்ந்து சொன்னது இது. மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் தாமதமாக. பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் முன்னை எட்டிப்பிடித்துவிடும். மூக்கும் வாலும் மாறிமாறித் தூக்காமல் கார் மட்டமாக ஏறி இறங்கும். முன் 2.07, பின் 1.71 என்ற உங்கள் செட் இதற்கு நேர் எதிர். மொத்தக் கடினத்தைவிட இந்தத் தலைகீழ் விகிதம்தான் பின் சீட்டுக்காரரைப் படுத்தும். முன்னால் 4 போட்டால் இரண்டும் ஏறத்தாழ சமமாகும். பின்னால் 7 கிடைத்தால் 1.85, விகிதம் அழகாக அமையும். ஆனால் பின் சீட்டு பெரும்பாலும் காலியாகவே போகும் காரானால் 6-லேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிரீலோடைக் (காலர் என்ற வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைப்பதை) கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகும், குறைத்தால் மிருதுவாகும் என்று மெக்கானிக் சொல்கிறார். உண்மையா?

பதில்: ஒரே சீரான சுற்றுள்ள ஸ்பிரிங்கில் இல்லை. 4 கிலோ ஸ்பிரிங் எவ்வளவு முன்கூட்டி அழுத்தினாலும் 4 கிலோ ஸ்பிரிங்தான். காரின் எடை அந்தப் பிரீலோடைவிட அதிகமாக இருக்கும்வரை மாறுவது உயரம் மட்டுமே. கீழ்ப் பிராக்கெட்டால் தனியாக உயரம் மாற்றும் வகை என்றால், ஸ்பிரிங்கைக் கையால் அசைத்தால் ஆடாத அளவுக்குக் காலரைக் கொண்டுவந்து, அதற்குமேல் 2 - 5 மி.மீ. இறுக்கிப் பூட்டிவிடுங்கள். உயரத்தைக் கீழ்ப் பிராக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிரீலோடை 20, 30 மி.மீ. ஏற்றினால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்குவதற்கான இடம் போய்விடும். டயர் தரையைவிட்டுத் தூக்கி ‘டொக்’ என்று விழும்.

கேள்வி: தாழ்த்திய பிறகு இரண்டு சத்தங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பினால் ‘டங்’. வேகத்தடையில் இறங்கும்போது ‘கிரீச்’. மேலும் முன்பைவிடக் கார் விறைப்பாக இருப்பதுபோல் தோன்றுகிறது.

பதில்: ‘டங்’ என்பது ஸ்ட்ரட்டோடு சேர்ந்து சுழல வேண்டிய ஸ்பிரிங் சிக்கிக்கொண்டு, திடீரென்று விடுபடும் ஓசை. டாப் மவுண்ட் பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது மாட்டும்போது அடுக்கு வரிசை தவறி பேரிங் சுழல முடியாமல் போயிருக்கலாம். பானெட்டைத் திறந்து, ஒருவர் ஸ்டீயரிங் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கில் கை வைத்தால் துள்ளல் கையிலேயே தெரியும். சுருள்களுக்கு நடுவே விரல் போகக் கூடாது. உலோக உருண்டை வைத்த டாப் மவுண்ட் என்றால் அது சத்தத்தையும் அதிர்வையும் உடலுக்குள் அப்படியே அனுப்பும். தினசரி காருக்கு ரப்பர் டாப் மவுண்ட் போதும், அதுவே நல்லது.

‘கிரீச்’ மற்றும் விறைப்புக்குக் காரணம் அநேகமாக ஒன்றே. பட்டறைகளில் அதிகம் தவறவிடும் வேலையும் இதுதான், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் அடியோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ்ஷில் ரப்பர் உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியிருக்கும். அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். காரைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், தொங்கும் நிலையே அதற்கு இயல்பு நிலை ஆகிவிடுகிறது. கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு கூடுதல் ஸ்பிரிங் போல எதிர்க்கிறது, முனகுகிறது, சில மாதங்களில் கிழிகிறது. முன், பின் எல்லாப் புஷ் போல்ட்டுகளையும் தளர்த்திவிட்டு, காரைச் சாய்மேடையில் ஏற்றியோ, ஸ்டாண்டில் இருக்கும்போது ஆர்மை ஜாக்கியால் ஓட்டும் உயரத்துக்குத் தூக்கியோ, கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். ஓட்டும் உயரத்தைச் சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்தால் டயர் காற்று குறுக்கிடாது. ஸ்டெபிலைசர் பாரின் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) லிங்க் ராடை எல்லாவற்றுக்கும் கடைசியில், கார் தன் எடையில் நிற்கும்போது மாட்டுங்கள். போல்ட் வலிக்காமல் துளைக்குள் போக வேண்டும். தள்ளித் திணித்தால் பார் ஏற்கெனவே முறுக்கேறி நிற்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: 205/55R16 டயரிலிருந்து 225/40R18-க்கு மாறினேன். சஸ்பென்ஷனை எவ்வளவு சரிசெய்தும் கடகடப்பு போகவில்லை.

பதில்: பழைய டயரின் பக்கச்சுவர் 113 மி.மீ., புதியது 90. 23 மி.மீ. மெத்தையையும் எடுத்துவிட்டீர்கள், பெரும்பாலும் ரிம் எடையையும் கூட்டிவிட்டீர்கள். கனமான சக்கரத்தை அடக்குவது ஷாக்குக்குக் கடினம். 215/45R17 நல்ல சமரசம்: பக்கச்சுவர் 97, மொத்த விட்டம் பழையதைவிட 7 மி.மீ.தான் குறைவு. 18-ஐ விட மனமில்லை என்றால் எடை குறைந்த ரிம் தேடுங்கள். காற்றைக் குறைத்துச் சுகம் தேடாதீர்கள். எக்ஸ்ட்ரா லோட் (கூடுதல் சுமை தாங்கும்) வகை டயருக்கு அதே சுமையைத் தாங்கச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்று வேண்டும். குறைத்தால் பள்ளத்தில் ரிம் வளையும்.

கேள்வி: 60 மி.மீ. இறக்கியபின் வளைவில் கார் முன்பைவிட அதிகம் சாய்கிறது. டயரின் உள்விளிம்பும் தேய்கிறது. தாழ்ந்தால் சாய்வு குறைய வேண்டாமா?

பதில்: ஸ்ட்ரட் காரின் லோயர் ஆர்ம் சாதாரணமாகச் சக்கரப் பக்கம் சற்றுக் கீழே சரிந்திருக்கும். அளவுக்குமேல் இறக்கினால் அது மட்டத்தைத் தாண்டி மேல்நோக்கித் திரும்பும். அப்போது உடல் சாயும் கற்பனை மையம், காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே நெம்புகோல் நீளமாகிறது. கார் கூடுதலாகச் சாய்கிறது. அதை அடக்கக் கனமான ஸ்டெபிலைசர் பார் போடுவார்கள், ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கினால் இரண்டு பக்கமும் உலுக்கும். நீட்டிய பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) இதற்கு உதவும், ஆனால் டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) கோணத்தையும் சேர்த்துத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும்.

தினசரி காருக்கு என் எல்லை: ஆர்ம் மட்டமாக நிற்கும் உயரம், அதற்குக் கீழே வேண்டாம். பல கார்களில் அது 25 - 30 மி.மீ. தாழ்த்தலில் வந்துவிடும்.

உள்விளிம்பு தேய்வதற்குக் கேம்பரைத்தான் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) எல்லோரும் குறை சொல்வார்கள். மைனஸ் 1.5 டிகிரி வரை கேம்பர் பெரிய பாதகம் செய்யாது. டயரைத் தின்பது டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. உயரம் மாறியதும் டோ மாறிவிடும், வெளிப்பக்கம் விரிந்திருந்தால் உள்விளிம்பு சில ஆயிரம் கிலோமீட்டரில் மொட்டையாகிவிடும். உயரம், பிரீலோட், புஷ் எல்லாம் முடிந்த பிறகு, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான சுமையை வைத்து அலைன்மென்ட் பாருங்கள். முன் டோ பூஜ்யம் அல்லது மொத்தம் 1 மி.மீ. உள்ளே. புதிய ஸ்பிரிங் சில மி.மீ. அடங்கும், அதனால் சுமார் 500 கி.மீ. ஓடியபின் மீண்டும் ஒரு முறை.

கேள்வி: காசு மிச்சப்படுத்த, ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடலாமா? சூடு காட்டி இறக்கலாமா?

பதில்: இரண்டும் கூடாது. வேலை செய்யும் சுற்று 6 இருக்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் கடினம் 20 சதவீதம் கூடும். முனையின் வடிவம் போவதால் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது கழன்றும் போகலாம். சூடு காட்டினால் உருக்கின் பதம் போய்விடும். பிறகு அது தொய்ந்துகொண்டே இருக்கும், அல்லது ஒரு நாள் ஓடும்போதே உடையும்.

கேள்வி: தாழ்த்திய பிறகு எதிரே வருபவர்கள் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டுகிறார்கள். ஏன்?

பதில்: முன்னும் பின்னும் சமமாக இறங்காமல் மூக்கு சற்றுத் தூக்கியிருந்தால் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் படும். விளக்கின் கோணத்தைத் திருத்துங்கள். தானாக மட்டம் பார்க்கும் விளக்கு என்றால், சஸ்பென்ஷன் ஆர்மில் இருக்கும் சென்சாரின் சிறு கம்பி புதிய உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்கேனரில் பூஜ்யம் வைக்க வேண்டும். முன் கண்ணாடியில் கேமரா உள்ள கார் என்றால் அதையும் அதே நாளில் காலிபரேட் செய்துவிடுங்கள்.